ஆறாம் நம்பர் வீட்டுக் கோபிஸ்

ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. வீட்டு நம்பர்தான் பேர். நான் அஞ்சாம் நம்பர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஆறாம் நம்பர். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன். அவளுக்கு நான் ஊமை. "ஏ ஊமை, வாயில என்ன கோட்டுப்பால் ஒட்டிக்கிச்சா?" என்று சுவருக்கு மேலிருந்து குரல் வரும். கோட்டுப்பால் என்பது ரப்பர் மரத்தில் வெட்டின கோட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பால். அதை நகத்தால் கிள்ளி, இழுத்து உரித்தால்தான் வரும். என் வாயிலிருந்து பேச்சு வருவதும் அப்படித்தான் என்று அவளுக்கு நினைப்பு. பொய்யில்லை.

அவளிடம் யாராவது 'முடியாது' என்று சொன்னால் கோபப்பட மாட்டாள். கோபப்பட்டாலாவது பரவாயில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "யாரு செஞ்சி பார்த்தா?" என்று கேட்பாள். சொன்ன ஆள் முழிப்பார். முடியாது என்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்து பார்க்காதவர்கள். அது அவளுக்குத் தெரியும்.

ஐம்பத்து நாலு வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கப் போனாள். அந்த வயதில் பொம்பளைக்கு எதற்கு என்று லயமே சிரித்தது. முதல் தடவை சோதனையில் ஒடுங்கின பலகை மேல் ஓட்டும்போது கவிழ்ந்தாள். இரண்டாம் தடவையும் அதே பலகையில் கவிழ்ந்தாள். மூன்றாம் தடவைக்கு முன்னால் லயத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதவைக் கழற்றிப் போட்டு, அதன் மேல் ஒரு மாதம் ஓட்டினாள். கதவு அவள் வீட்டுக் குளியலறைக் கதவு. அந்த ஒரு மாதமும் சேலையைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் குளித்தாள். லைசென்ஸ் வந்த அன்றைக்கு என்னைப் பின்னால் ஏற்றி செமோர் பசாருக்குக் கூட்டிப் போனாள். நான் போகும்போதும் கண்ணைத் திறக்கவில்லை, வரும்போதும் திறக்கவில்லை.

அவள் இறந்து இந்த மாசியோடு மூன்று வருஷம் முடிகிறது. அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கோபிஸில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி, ஆட்களும் ஈப்போ பக்கம் தொழிற்சாலைகளுக்குச் சிதறிப் போன பிறகு, பன்னிரண்டு வீட்டு லயத்தில் ஆறு குடும்பம் மிச்சம் இருந்தோம். போகாததற்குக் காரணம் இருந்தது. பழைய நிர்வாகம் போகும்போது எழுதிக் கொடுத்திருந்தது: கடைசி வரை இங்கே குடியிருக்கிறவர்களுக்கு தோட்டத்தை வாங்குகிறவர் நிலத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு வீடு கட்டித் தரவேண்டும். அதை நம்பிக்கொண்டு ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே இருந்தோம்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தை வாங்கின கம்பெனி அனுப்பியது. மலாயில் இருந்ததை இரண்டாம் நம்பர் வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். வருஷக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யவேண்டும், காலியாகக் கிடக்கும் வீடுகள் இடிக்கப்படும் என்று இருந்தது. அக்கா அவனை நிறுத்தி அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். காலியாகக் கிடக்கும் வீடுகள். நில அலுவலகத்துக்கும் அப்படியே எழுதிப் போட்டிருந்தார்கள். வீடுகள் காலி என்று ஆகிவிட்டால் குடியிருக்கிறவர்கள் என்று யாரும் இல்லை. குடியிருக்கிறவர்கள் இல்லையென்றால் வீடு கட்டித் தரவேண்டிய பேச்சும் இல்லை. எனக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது. அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

கடிதம் வந்த மறுநாள் விடிகாலை சுவருக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தால் லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி மேடு போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதத்தில் போகச் சொல்கிறான், இப்போது என்ன நடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கோபிஸ்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் மலையில் விளைகிற சாமான். கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கி வரும், நாம் வாங்கிப் பொரியல் வைப்போம். கீழே, இந்த வெக்கையில், யாரும் நட்டதில்லை. கீரை போடலாமே, மரவள்ளி குத்தலாமே என்றேன்.

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "கீரை வெதைச்சா இருவது நாள்ல புடுங்கிட்டு நடையைக் கட்டிரலாம். மரவள்ளி ஆளு செத்தாலும் அது பாட்டுக்கு வளரும். வாழையும் அப்படித்தான். அதைக் காட்டி இங்க ஆள் இருக்குன்னு எவன்கிட்ட சொல்றது? கோபிஸ் அப்படி இல்ல ஊமை. அதுக்கு விடிஞ்சா ஒரு ஆள் வேணும், பொழுது சாஞ்சா ஒரு ஆள் வேணும். இந்த வெக்கையில ஒரு கோபிஸ் உருண்டு நிக்குதுன்னா, பக்கத்துல ஒரு மனுசி நின்னிருக்கான்னுதானே அர்த்தம்?"

இந்த மாதிரி ஒரு யோசனை என் மண்டைக்குள் நூறு வருஷம் ஆனாலும் வந்திருக்காது.

நாற்று தேடி தாப்பாவுக்கு பஸ் ஏறினோம். என்னைத் துணைக்கு இழுத்துப் போனாள். மலையிலிருந்து இறங்குகிற காய்கறி லாரிகள் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையோரம் நிற்கும். ஒரு சீன லாரிக்காரரிடம் நாற்றுக் கேட்டாள். அவர் கையை விசிறி மாதிரி ஆட்டி, "பாவா பானாஸ்லா, தா போலே" என்றார். கீழே சூடு, ஆகாது என்று. அக்கா வெற்றிலையை மாற்றினாள். "சியாப்பா சுடா சூபா?" என்றாள். அவளுடைய அதே கேள்விதான், மலாயில். யார் செய்து பார்த்தது? அவர் முழித்தார். பிறகு சிரித்தார். அடுத்த வாரம் இரண்டு தட்டு நாற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். சீக்கிரம் உருளும் சின்ன ஜாதி, தேங்காய் அளவுக்கு மேல் வராது, அதுவும் வந்தால் என்றார். கூடவே லோபாக் விதையும் கேரட் விதையும் கொடுத்தார். முள்ளங்கிக்கு நாங்கள் லோபாக் என்போம். அவளைப் பார்த்த யாரும் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவள் சீக்கிரம் போகட்டும் என்று.

பனி கொட்டுகிற நாடு இல்லை நம்முடையது. ஆனாலும் தீபாவளி தாண்டி பொங்கல் வரைக்கும் ஈப்போ பக்கம் ஒரு குளிர் உண்டு. மத்தியானம் மழை இறங்கும். காலையில் சுண்ணாம்புக் கல் மலைகளுக்கு இடுப்பு வரை மஞ்சு நிற்கும். பீப்பாய்த் தண்ணீரில் கையை விட்டால் வெடுக்கென்று எடுக்கத் தோன்றும். பால் வெட்டினவர்களுக்கு இந்தக் குளிர் நன்றாகத் தெரியும். குளிர்ந்த காலையில்தான் பால் நிற்காமல் ஒழுகும், வெயில் ஏறினால் நின்றுவிடும். "பாலுக்குத் தெரியிற குளிரு கோபிஸுக்குத் தெரியாதா?" என்றாள்.

இடம் பார்த்துத்தான் மேடு போட்டிருந்தாள். லயத்துக்கு மேற்கே ஒரு மலை. மூன்று மணிக்கெல்லாம் வெயிலை அது மறைத்துவிடும். மழைத் தண்ணீர் நிற்காமல் ஓட மேட்டை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினாள். நாற்றை நேராக மண்ணில் வைக்கவில்லை. பால் பிடிக்கிற பழைய பிளாஸ்டிக் மங்குகளில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் இரண்டு வாரம் வளர்த்துப் பிறகு இறக்கினாள். உச்சி வெயிலுக்குக் குடை. எந்தெந்த வீட்டில் கிழிந்த குடை கிடந்ததோ அத்தனையும் அங்கே வந்து சேர்ந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சாவு வீட்டுக் கூட்டம் மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

நத்தைத் தொல்லைதான் பெரிய தொல்லை. அதற்கும் வழி வைத்திருந்தாள். பெரட்டு நேரத்துக்கு, அதாவது முன்பு வேலைக்குப் பேர் கொடுக்க நிற்போமே அந்த அஞ்சு மணிக்கு, என்னை எழுப்புவாள். வெட்டுக்குப் போகும்போது நெற்றியில் கட்டின விளக்கு இரண்டு பேரிடமும் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து நத்தை பொறுக்குவோம். நாற்பது வருஷம் மரத்துக்கு மரம் ஓடின இடுப்பு, இப்போது இலைக்கு இலை வளைந்தது. எனக்கு இருமல் வேறு. வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் போனேன். அதைத்தான் உண்மையாகச் சொல்ல வேண்டும். அவள் நம்பியதை நான் அப்போது நம்பவில்லை.

டிசம்பரில் பத்து நாள் மழை நின்றுபோனது. இலைகள் தொங்கின. அக்கா மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனாள். வரும்போது பின்னால் ஒரு பெரிய பெட்டி. திறந்தால் ஐஸ். செமோர் பசாரில் மீன்கார தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கடை மூடும்போது கொட்டப் போனதை வாங்கி வந்திருக்கிறாள். மலையில் குளிர், கீழே ஐஸ், என்ன வித்தியாசம் என்றாள். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கைநிறைய அள்ளிப் போட்டாள். மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி, அறுபது செடியில் முக்கால்வாசி படுத்துவிட்டது. தோட்டத்துப் பக்கம் மீன் வாடை. பூனைகள் வேறு குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டன.

அக்கா பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். "உப்பு" என்றாள். மீன் கெடாமல் இருக்க உப்புப் போட்ட ஐஸ் அது. வாழ்நாளெல்லாம் கருவாடு போட்டவள், உப்பு என்ன செய்யும் என்று தெரிந்தவள், அந்த ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்துக் கம்பெனி ஆள் வந்தான். நம்ம பிள்ளைதான், தமிழ். பெரிய கார், காலில் பளபளப்பான சப்பாத்து. மரியாதையாகத்தான் பேசுவான், அதுதான் அவனிடம் பிடிக்காத விஷயம். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னம்மா, மீன் கொழம்புக்கு கோபிஸ் போடுறீங்களா?" என்றான். லயத்து ஆட்களே சிரித்தார்கள்.

"முத்துனதும் உங்களுக்கும் ஒரு கிண்ணம் தம்பி" என்றாள் அவள்.

அவன் போன பிறகு அழுவாள் என்று நினைத்தேன். கருகின செடிகளைப் பிடுங்கி, அந்த மண்ணை வாரி அந்தப் பக்கம் கொட்டி, புது மண் போட்டாள். மறுநாள் தாப்பா பஸ். புது நாற்று முத்த மார்ச் மாதம் ஆகிவிடுமே என்று பயந்தேன். நல்லதாய்ப் போயிற்று, மார்ச் வரைக்கும் போக முடியாது பாரு என்றாள்.

வருஷம் முடிந்தது. யாரும் காலி செய்யவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. ஈயம் தோண்டின பழைய குட்டை அரை மைல் தூரம். அங்கிருந்து மோட்டாரில் இரண்டு பக்கமும் டப்பா கட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கக் கடையில் வாங்கினோம். முதலில் சிரித்த ஆட்கள் இப்போது வாளி எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நாலாம் நம்பர் அண்ணன், குடிகாரர், அவர்கூட சாயங்காலத்தில் தள்ளாடிக்கொண்டு ஒரு வாளி தூக்கி வருவார். பாதி அவர் காலில்தான் ஊற்றும்.

பொங்கல் கழிந்து சில நாளில் நில அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தாள். தலையில் தூடோங் கட்டின சின்ன வயது மலாய்க்காரப் பெண். கையில் எழுதி நிரப்புகிற பாரம், பேனா. கூடவே கம்பெனி ஆள். வீடுகள் உண்மையிலேயே காலியா என்று பார்த்து எழுத வந்திருக்கிறாள். கம்பெனி ஆள் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டே, இங்கே யாரும் தங்குவதில்லை, யாராவது வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் வந்து பாயை விரித்து வைப்பார்கள் என்று விளக்கிக்கொண்டு வந்தான். பாயைக் காட்டினால் நேற்று விரித்தது, பாத்திரத்தைக் காட்டினால் நேற்று வைத்தது. எதைக் காட்டினாலும் நேற்று என்றான்.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்.

புது நாற்று இன்னும் இலையாகத்தான் இருந்தது; ஐஸுக்குத் தப்பினது பதினாறு செடி. பதினாறும் உருண்டு நின்றன. பெரிசு ஒன்றும் இல்லை, சின்னத் தேங்காய் அளவுதான், வெளி இலையில் ஏகப்பட்ட ஓட்டை. அந்தப் பெண் நின்றுவிட்டாள். குனிந்து விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்று கெட்டியாகச் சத்தம் வந்தது. இங்கேயா விளைந்தது என்று மலாயில் கேட்டாள்.

கம்பெனி ஆள் சிரித்தான். இதுவும் நேற்றைய வேலைதான், மலையில் வேரோடு வாங்கிவந்து ராத்திரியோடு ராத்திரியாக மண்ணில் குத்தி வைத்திருக்கிறார்கள், கீழே கோபிஸ் விளையும் என்று சின்னப் பிள்ளைகூட நம்பாது என்றான்.

அது கேட்க நியாயமாக இருந்தது. அந்தப் பெண் முகத்திலும் சந்தேகம் வந்தது. நாங்கள் நத்தை பொறுக்கினதற்கு யார் சாட்சி?

அக்கா அவனைப் பார்த்தாள். "அப்ப புடுங்குங்க தம்பி. உங்களுக்கு எது வேணுமோ அதை. நேத்து குத்துனதுன்னா சும்மா கையோட வந்துரும்ல."

அவன் தயங்கினான். அந்தப் பெண்ணும் பிடுங்கு என்கிற மாதிரி பார்த்தாள். ஓரத்தில் இருந்த ஒன்றைக் கையால் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். சப்பாத்து மேட்டில் பதிந்தது. மூன்றாம் இழுப்பில், ஒரு வாளி மண்ணோடு, வெள்ளை வெள்ளையாக வேர் பின்னிப் பின்னிக் கிழிந்துகொண்டு வந்தது. அவன் சட்டையெல்லாம் மண். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரியில் அப்படி வேர் பிடிக்காது என்பதற்கு ஆபீசர் தேவையில்லை.

பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, இதைத் தினமும் யார் பார்த்துக்கொள்கிறது என்று கேட்டாள். கூட்டத்தில் போயும் போயும் என்னை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அக்கா உதவிக்கு வரவில்லை, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். "நாங்க ரெண்டு பேரும். அஞ்சு மணிக்கு" என்று மலாயில் சொன்னேன். நெற்றியில் விளக்கு இருக்கிற இடத்தைத் தொட்டும் காட்டினேன்.

பாரத்தில் பயிர்களுக்கு ஒரு இடம் இருந்தது. வாழை, தென்னை, ரம்புத்தான், மரவள்ளி என்று அச்சடித்திருந்தது. கோபிஸ் இல்லை. கீழ்நாட்டு நிலத்துக்கான பாரத்தில் அது எப்படி இருக்கும்? அந்தப் பெண் யோசித்துவிட்டு அடியில் கையாலேயே எழுதினாள். கோபிஸ், பதினைந்து, தினமும் பராமரிக்கப்படுகிறது.

"பதினாறு" என்றாள் அக்கா. "தம்பி புடுங்குனதையும் சேர்த்து எழுதச் சொல்லு."

அடித்துத் திருத்திப் பதினாறு என்று எழுதினாள். நில அலுவலகத்துக் கூட்டத்தில் கம்பெனி மறுபடியும் காலி வீடு என்று பேசியபோது, அந்தக் கையெழுத்து வரியைத்தான் எடுத்து முன்னால் வைத்தார்களாம். வீடு கட்டித் தரத்தான் வேண்டும் என்று ஆனது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் சாவி கொடுக்கிற அன்றைக்கு, கூடாரத்துக்குக் கீழே கம்பெனி ஆள் பட்டியல் படித்தபோது அஞ்சு பேர்தான் இருந்தது. ஆறாம் நம்பர் வீடு அக்காவின் புருஷன் பேரில் பதிந்தது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், திரும்பாமல் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் எப்போது போனாரோ அப்போதே பழைய ஏட்டில் அந்த வீட்டை மூடி எழுதிவிட்டார்களாம். அந்த வீட்டிலிருந்து தினம் வேலைக்குப் போய்வந்தவள் ஏட்டில் இல்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

என் பேரைக் கூப்பிட்டபோது போனேன். சாவியை நீட்டினான். நான் கையை நீட்டவில்லை. எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "ஆறாம் நம்பருக்கு இல்லாட்டி எனக்கும் வேணாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கூடாரத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அக்கா எழுந்து வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"வாங்குடி சாவியை, மடச்சி" என்றாள். "நீ வாங்காட்டி அந்த வீடு யாருக்குப் போகும்? அவனுக்குத்தான். கையில வந்ததை விட்டுட்டு நிக்கிறதுக்குப் பேரு சண்டை இல்ல. நீ உள்ள போயி இரு. நான் இங்க இருந்துக்கிறேன்."

எனக்கு முகம் எரிந்தது. அறுபத்து நாலு வயதில் முதல்முதலாக எதிர்த்துப் பேசியிருக்கிறேன், அதற்கும் திட்டு. ஆனால் சாவியை வாங்கினேன். அவள் சொன்னதுதான் சரி. அவள் சரியாகச் சொல்வது எல்லா நேரத்திலும் சந்தோஷமாக இருக்காது.

அஞ்சு குடும்பமும் போன பிறகு பன்னிரண்டு வீட்டு லயத்தில் அவள் ஒருத்தி. அந்த நாட்களில் என் மகன், நான் தனியாக இருக்க வேண்டாம், ஈப்போவுக்குத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிப் போன் செய்தான். நான் அவள் தோட்டத்தில் நின்றிருந்தேன். போனை என் கையிலிருந்து வாங்கி, "ஒங்கம்மா வரமாட்டா, இங்க வேலை இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் நான் கோபமாக இருந்தேன். அவள் கவனிக்கவே இல்லை. நான் எப்போதும் பேசாதவள் என்பதால் கோபத்துக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை போல.

வெயில் மாதங்களில் கத்தரி, வெண்டை. தீபாவளி வந்ததும் மறுபடி கோபிஸ், லோபாக், கேரட். கேரட் மட்டும் கடைசி வரை சரிப்படவே இல்லை. இரண்டு கால், மூன்று கால் என்று கிளை விட்டுக்கொண்டு, விரல் தடிமனில் வரும். அதையும் விடாமல் விதைத்தாள். நாங்கள் அஞ்சு வீடும் முறை போட்டுக்கொண்டு தினம் ஒருவராவது போய் வேலை செய்தோம். யார் எப்போது வந்து பார்த்தாலும் அங்கே ஆள் இருந்தது. கம்பெனிக்கு அந்த லயத்தின் மேல்தான் சாலை போகவேண்டும். ஒரு வீட்டில் ஒரு கிழவி, பின்னால் முத்தாத பயிர். இடிக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை.

அந்த டிசம்பர் கடைசியில் கம்பெனி ஆள் தானே வந்தான். கார் கதவை மெல்லச் சாத்தினான். கையில் காகிதம், அவள் பேரில், அவள் பேர் மட்டும். சாவியும் இருந்தது. பின்னாலேயே லாரியில் மஞ்சள் இயந்திரம் வந்து இறங்கியது. இன்றைக்கே போய்விட்டால் நல்லது, மதியம் இடிக்க ஆள் வந்துவிட்டது என்றான்.

அக்கா காகிதத்தை வாங்கி என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் ஆறாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவள் பேர் சரியாக இருந்தது. சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். திரும்பிப் போய்க் குனிந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தாள்.

"அம்மா, போலாம்லா" என்றான் அவன்.

"இது முத்த இன்னும் பதினெட்டு நாள் இருக்கு தம்பி. அதுக்கப்புறம் வாரேன்."

கத்திப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். யாருக்கோ போன் போட்டான். கடைசியில் இயந்திரம் ஓரமாக நின்றது. ஓட்டுகிறவன் பங்களாதேஷி, நல்ல ஆள். பதினெட்டு நாளும் அதன் நிழலில் படுத்துத் தூங்கினான், மத்தியானம் அக்கா கையால் சாப்பிட்டான், சாயங்காலம் தண்ணீர் ஊற்றினான்.

பதினெட்டாம் நாள் காலையில் முப்பது கோபிஸை அறுத்தாள். வீட்டுக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று, இயந்திரக்காரனுக்கு ஒன்று. கம்பெனி ஆளுக்கும் ஒன்று வைத்தாள், அவன் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கத்தியைக் கழுவினாள். உள்ளே போய் எல்லா ஜன்னலையும் சாத்தினாள். வெளியே வந்து, கதவை இழுத்து மூடி, பூட்டுப் போட்டு, பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அந்தச் சாவியையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். மோட்டாரில் ஏறி உட்கார்ந்து என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள்.

கம்பெனி ஆள் ஓடிவந்தான். கோபிஸை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறு கையை நீட்டினான். பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், அதுதான் முறை என்றான்.

அக்கா வெற்றிலையை மாற்றினாள்.

"ஒடைக்கிறவனுக்கு எதுக்குத் தம்பி சாவி?"